பட்டியலில் இல்லாத அண்ணன்

"செத்துப்போனவன் மேல பொறாமைப்படறது குத்தமா, மேடம்?"

வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டார். அறுபத்து நான்கு வயது. இஸ்திரி போட்ட சட்டை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மை நகக்கண்களில் தங்கியிருந்தது. மடியில் ஒரு துணிப்பை. அதை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் உள்ளே பாம்பு இருக்கிறதோ என்று தோன்றும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நாற்காலியைக் கை காட்டினாள். இருபது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதிவிட்டு, இப்போது இந்த மாடியறையில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள். அடுத்தவர் பேச்சைச் சரியான இடத்தில் நிறுத்துவாள்; அங்கேதான் ஏதாவது ஒளிந்திருக்கும். அதனால் அவளுக்கு 'கமா' என்று பெயர் விழுந்து, பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

"குத்தமில்லை, ஆனா லாபமும் இல்லை," என்றார் ஜன்னலோரம் நின்றவர். "செத்தவங்க பதிலுக்குப் பொறாமைப்பட மாட்டாங்க."

இவர் கமாவின் உதவியாளர். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். ஏறும்போதே யார் டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்ப்பார் என்று முகத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான்.

"யார் செத்தது?" என்றாள் கமா.

"எங்க அண்ணன். போன வருஷம். தச்சு வேலை. ஊர்ல 'கைதி அண்ணன்'னு சொன்னா சின்னக் குழந்தைக்கும் தெரியும். யுத்தத்துல பிடிபட்டு, எதிரி முகாம்ல மூணு வருஷம் அடைபட்டுக் கிடந்துட்டு வந்தானாம். புதுசா கட்டின படிப்பகத்துக்கு அவன் பேரை வைக்கப் போறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நகரசபையில தீர்மானம்."

"நல்ல விஷயம்தானே?"

"பொய்யா இருந்தா?" அவர் குரல் ஏறியது. "நான் அச்சாபீஸ் நடத்தினேன். அச்சுக்கோர்க்கிறதுலேயே கண்ணைப் பறிகொடுத்தேன். இந்த ஊர்ப் பிள்ளைங்க படிச்ச பாடப்புத்தகத்துல பாதி என் கை கோர்த்தது. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. என்னை எவனும் திரும்பிப் பார்க்கலை. அவன் நாலு பெஞ்சு செஞ்சு போட்டுட்டு முகாம் கதை சொன்னான். ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுது. வயிறு எரியாதா?"

"எரியும்," என்றார் கண்டக்டர். "ஆனா பொய்னு எப்படிச் சொல்றீங்க?"

அச்சுக்காரர் தயாராக வந்திருந்தார். கேள்விக்குக் காத்திருந்தவர் போலக் கொட்டினார். அண்ணனிடம் பட்டாளத்துச் சான்றிதழ் ஒன்று கூடக் கிடையாது. பதக்கம் கிடையாது. முன்னாள் வீரர்கள் சங்கத்துக் கூட்டத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. கூப்பிட வந்தால் பின் வாசல் வழியாக நழுவிவிடுவான். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. ஊரார் அதைப் போர்த் தழும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போரும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்கு ஏழு வயசுல நான் விட்டெறிஞ்ச கரண்டி பட்டது. அவனுக்குப் புதுச் சட்டை, எனக்குப் பழசுன்னு கோபம். கரண்டி எறிஞ்சதுக்கு எனக்கு அடி. தழும்புக்கு அவனுக்கு மரியாதை."

கண்டக்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர் பட்டாளத்துக்குப் போனது உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் கமா.

"எனக்கு அப்போ டைபாய்டு. கல்யாணமாகி மூணு வாரம். நாற்பது நாள் நினைவே இல்லாம கிடந்தேன். கண் முழிச்சப்போ, 'அண்ணன் பட்டாளத்துல சேர்ந்துட்டார்'னு என் பொண்டாட்டி சொன்னா. அப்பா அம்மா முன்னாடியே போயாச்சு. வேற யாரைக் கேட்கிறது?"

"சரி. பையில என்ன?"

அச்சுக்காரர் முதலில் ஓர் அலுமினியக் குவளையை எடுத்து வைத்தார். அண்ணன் சாகும் வரை அதில்தான் தண்ணீர் குடித்தானாம். முகாமில் கொடுத்தது என்று சொல்லிக்கொள்வானாம். "பழைய சாமான் கடையில வாங்கியிருப்பான்."

பிறகு மூன்று தபால் அட்டைகளை எடுத்தார். அனுப்புநர் பகுதி மூன்றிலும் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது.

"போன மாசம் என் பொண்டாட்டி பெட்டியில, துணிக்கு அடியில இருந்தது. அண்ணன் கையெழுத்து. அவ பேருக்கு வந்திருக்கு. மூணு வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதலை, மேடம். ஒரு வரி."

கமா முதல் அட்டையைப் படித்தாள். 'நலம். கை கால் எல்லாம் இருக்கிறது. அங்கே உடம்பு எப்படி? சாப்பாடு இறங்குகிறதா? நமக்குள் பேசியது நமக்குள்ளேயே இருக்கட்டும்.'

 கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"படிப்பகத்துப் பேருக்காக நீங்க வரலை," என்றாள் கமா மெதுவாக.

அச்சுக்காரர் தலை குனிந்தார். "ஊர்ல எங்கேயோ ஒளிஞ்சிருந்து அவளுக்கு எழுதியிருக்கான். முகாம்ங்கிறது பின்னாடி கட்டின கதை. அவன் திரும்பி வந்த நாள்லேர்ந்து பார்க்கிறேன். நான் உள்ள வந்தா பேச்சை நிறுத்துவாங்க. அவன் கல்யாணமே பண்ணிக்கலை. சாகறப்போ அவ அழுத அழுகை இருக்கே... எனக்கு அப்படி அழுவாளான்னு தெரியலை."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

கமா அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் மங்கலான வட்ட முத்திரை இருந்தது.

"உங்க அண்ணன் உங்க மனைவியை என்னன்னு கூப்பிடுவார்?"

"தங்கச்சின்னுதான்."

"மூணு அட்டையிலும் அந்தச் சொல் இல்லை. மனசுல வேற ஏதாவது இருந்தா அதுக்கேத்த சொல் ஒண்ணு இருக்கும். அதுவும் இல்லை. நேரா 'நலம்'னு ஆரம்பிக்குது."

"மொட்டைக் கடிதாசி போடறவன் கூட 'ஐயா'ன்னு ஒரு மரியாதை வைப்பான், மேடம்," என்றார் கண்டக்டர்.

"வைக்க முடியாதவன் வைக்கலை. மூலையில இருக்கிறது தணிக்கை முத்திரை மாதிரி தெரியுது. இதை எழுதினப்போ யாரோ அவர் தோளுக்கு மேல நின்னு படிச்சிருக்காங்க." கமா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "கிளம்புங்க. நாலு மணிக்குள்ள திரும்பணும்."

*

போர்க்கால ஆவணக் காப்பகம் ஓர் அரசுக் கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. இரும்பு அடுக்குகள், நாடா கட்டிய கோப்புகள், சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மின்விசிறி. காப்பாளருக்குத் தலை நரை, மீசை கறுப்பு. கமாவைக் கண்டதும் அவர் முகத்தில் பல்பு எரிந்தது. தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கண்ணாடி டம்ளரில் தேநீர் கொண்டுவந்தார்.

"எனக்கு ஸ்டூல். அதுக்கும் மூணே கால்," என்று முணுமுணுத்தார் கண்டக்டர். "இவருக்கு ரெக்கார்டைத் தேடறதை விட உங்களைத் தேடறதுலதான் அக்கறை."

"உங்களுக்கு என்ன வந்தது?"

"எனக்கு என்ன? ஒண்ணுமில்லை. மீசைக்கு மை போட்டிருக்கார், அதைச் சொல்ல வந்தேன்."

கமா காப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னாள். சண்டை முடிந்ததும் எதிரிகள் முகாம் பதிவேடுகளை ஒப்படைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, பெயர் வரிசையில் எழுதி வைத்திருக்கிறது என்றார் அவர். அண்ணனின் பெயரையும் தகப்பன் பெயரையும் வாங்கிக்கொண்டு தடித்த புத்தகத்தைத் திறந்தார். விரல் இறங்கியது, நின்றது, மறுபடி மேலே போய் இறங்கியது. பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் பட்டியலையும் பார்த்தார். காணாமல் போனவர்கள் பட்டியலையும் பார்த்தார்.

"இல்லைங்க. இந்தப் பேர்ல ஒரு கைதியும் இல்லை. கைதியை விடுங்க, பட்டாளத்துலேயே இல்லை."

அச்சுக்காரர் தொடையில் ஓங்கித் தட்டினார். "சொன்னேனா இல்லையா! நாற்பது வருஷம் ஊரை ஏமாத்தியிருக்கான்! இதை எழுத்துல கொடுங்க சார். நாலு மணிக்கு நான் அங்க படிச்சுக் காட்டறேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முகாம் பொய்யென்றால் அட்டைகளைப் பற்றிய சந்தேகம் மெய்யாகிவிடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். காப்பாளர் தாளை எடுத்தார்.

"எழுதாதீங்க," என்றாள் கமா. "எனக்கு ஒண்ணு இடிக்குது. பொய் சொல்றவன் முதல்ல என்ன பண்ணுவான்?"

"சான்றிதழ் அடிப்பான்," என்றார் கண்டக்டர். "பாஸ் இல்லாதவன்தான் பஸ்ல பாஸைப் பெரிசா நீட்டுவான்."

"தம்பி அச்சாபீஸ் வச்சிருக்கார். ஒரு போலிக் காகிதம் அடிக்க அரை மணி நேரம் ஆகாது. அவர் அடிக்கலை. சங்கத்துக்காரங்க வந்தா ஓடியிருக்கார். பெருமையடிக்கிறவன் எதுக்கு ஓடணும்? அவர்கிட்ட காகிதம் இல்லாம இல்லை. வெளியில காட்ட முடியாத காகிதம் இருந்திருக்கு." கமா குவளையைக் கேட்டு வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் ஆணியால் கீறிய நான்கு எண்கள். 4417. "பேரை விட்டுடுங்க. கைதி எண் வரிசையில பதிவேடு இருக்கா?"

இருந்தது. உள் அறையிலிருந்து எடுத்துவரக் கால் மணி நேரம் ஆயிற்று. காப்பாளர் பக்கத்தைப் புரட்டினார். கமா ஒரு கணம் குனிந்து பார்த்தாள். உடனே உள்ளங்கையை எடுத்துப் பெயர் எழுதிய வரியின் மேல் வைத்து மறைத்தாள்.

"கீழே உள்ளதை மட்டும் படிங்க."

காப்பாளர் அவளை வியப்போடு பார்த்துவிட்டுப் படித்தார். "தொழில், அச்சுக்கோர்ப்பவர்."

"வேற எவனோ," என்றார் அச்சுக்காரர். "அண்ணனுக்கும் அச்சுக்கும் சம்பந்தமே இல்லை."

"குறிப்பு. 'முகாம் அச்சகத்தில் வேலை தரப்பட்டது. இரண்டாம் நாளே நீக்கப்பட்டார். இவர் கோர்த்த வரிகளை அச்சில் பின்னாலிருந்து முன்னாகப் படிக்க வேண்டியிருந்தது.'"

அச்சுக்காரர் உறுமினார். "நேரா அடுக்கியிருக்கான் மடையன்! ஈய எழுத்தைத் தலைகீழா அடுக்கினாத்தான் தாள்ல நேரா விழும். கத்துக்குட்டிக்குக் கூட முதல் நாள் அதைத்தான் சொல்லிக் கொடுப்போம். இவன் அச்சுக்கோர்க்கிறவனே இல்லை. தொழிலைப் பொய்யா எழுதியிருக்கான்."

"அதைத்தான் உங்க வாயால கேட்க நினைச்சேன்," என்றாள் கமா. "மேலே படிங்க."

"'தச்சுப் பட்டறைக்கு மாற்றப்பட்டார். மிகத் திறமையான வேலை.'"

அச்சுக்காரர் மேஜையருகே நகர்ந்தார். 

"'அங்க அடையாளம், வலது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. கடிதம் எழுத அனுமதி, மனைவிக்கு மட்டும்.'" அதற்கடுத்த கட்டத்தில் இருந்த மனைவியின் பெயரையும் காப்பாளர் படித்தார்.

அது அச்சுக்காரரின் மனைவி பெயர்.

கமா கையை எடுத்தாள்.

அச்சுக்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். தன் வாழ்நாளில் லட்சம் பெயர்களைக் கோர்த்தவர் அந்த ஒரு பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். தகப்பன் பெயர். தெரு. வீட்டு எண். பிறந்த தேதி.

"இது... இது நான்."

"ஆமா," என்றாள் கமா. "கட்டாய ஆள்சேர்ப்பு உத்தரவு உங்க அண்ணனுக்கு வரலை. உங்க பேருக்கு வந்தது."

காப்பாளர் தொண்டையைக் கனைத்தார். "அந்த நாள்ல உடம்பு சரியில்லைன்னு சொன்னா எடுபடாதுங்க. காய்ச்சல்காரனையும் லாரியில தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. பாதிப் பேர் வழியிலேயே போயிட்டாங்க. மூணு நாள்ல போய் நிக்கலைன்னா தப்பி ஓடினவன்னு கேஸ். ஆள் மாறிப் போனாலும் ரெண்டு பேர் மேலயும் கேஸ். அந்தச் சட்டம் ரொம்ப வருஷம் அப்படியே இருந்தது."

"அதனாலதான் காகிதத்தைக் காட்டலை. சங்கத்துக்காரங்களைப் பார்த்தா ஓடினார்," என்றாள் கமா. "அட்டையில அனுப்புநர் இடத்துல உங்க பேர் இருந்திருக்கும். அதான் வெட்டியிருக்காங்க. தணிக்கைக்காரன் கண்ணுக்கு அவர் கணவன். தங்கச்சின்னு எழுதினா மாட்டிக்குவார். வேற எப்படியும் எழுத அவருக்கு மனசு வரலை. அதனால ஒண்ணுமே எழுதலை. 'அங்கே உடம்பு எப்படி'ன்னு கேட்டாரே, அது உங்க உடம்பு."

கோப்பின் பின்னால் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். அதில் ஒரு பெண்ணின் கையெழுத்து. மூன்று வாரப் புதுப் பெண் போட்ட கையெழுத்து.

அச்சுக்காரர் அதைத் தொடவில்லை. 

"அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றார். "நான்தான் இருந்திருக்கேன்."

கண்டக்டர் கமாவின் தேநீர் டம்ளரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவரை அப்படிப் பார்ப்பது கமாவுக்கு இதுவே முதல் தடவை.

*

நகரசபை வாசலில் அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்றே முக்கால். படிக்கட்டு ஓரம் ஒரு பெண் நின்றிருந்தாள். அச்சுக்காரர் கால் தடுமாறியதைப் பார்த்தே அது யாரென்று கமாவுக்குத் தெரிந்தது.

"பெட்டியில அட்டையைக் காணோம்," என்றாள் அந்தப் பெண். "நீங்க இங்கதான் வருவீங்கன்னு நினைச்சேன்."

"அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆச்சு. சட்டம் போய் எத்தனை வருஷம் ஆச்சு! இப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நான் அவனை என்னென்ன பேசினேன்! அவன் முகத்துக்கு நேரா..."

"அவர்தான் சொல்லாதேன்னார்."

"ஏன்?"

"'அவனுக்குத் தெரிஞ்சா என்கிட்ட நன்றியோட நடந்துக்குவான். அப்புறம் நான் யார்கூடச் சண்டை போடறது'ன்னு கேட்டார். உங்க சண்டை அவருக்கு வேணும். நீங்க திட்டிட்டுப் போன அன்னைக்கெல்லாம் ரெண்டு வாய் சோறு கூடத்தான் சாப்பிடுவார்."

அச்சுக்காரரின் தாடை இறுகியது. "இதுலயும் ஜெயிச்சுட்டான் பார்," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனார். கையில் காப்பாளர் முத்திரை குத்திக் கொடுத்த பதிவேட்டு நகல் படபடத்தது.

"மேடம்," என்றார் கண்டக்டர் பதறிப்போய். "அந்தக் காகிதத்தை யோசிச்சீங்களா? அது அவர் பேர்லதான் இருக்கு. 'நான்தான் முகாம்ல இருந்தேன், அண்ணன் என் கதையைத் திருடிட்டான்'னு நின்னார்னா? முத்திரையோட ஆதாரம்! மறுத்துப் பேச அண்ணன் வர மாட்டார்."

கமா யோசித்திருந்தாள். அதனால்தான் அவள் நடை வேகமாக இருந்தது.

கூடத்தில் நூறு பேர் இருந்தார்கள். தலைவர் தீர்மானத்தைப் படித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"எனக்கு உண்டு," என்றார் அச்சுக்காரர். "போர்க்கைதிப் பட்டியல்ல எங்க அண்ணன் பேர் இல்லை. காப்பகத்துல தேடிப் பார்த்தாச்சு."

கூடத்தில் சலசலப்பு. யாரோ "பொறாமை" என்றது எல்லாருக்கும் கேட்டது.

"ஆமா, பொறாமைதான்," என்று திரும்பிச் சொன்னார் அவர். பிறகு மேடைக்குப் போய் நகலைத் தலைவர் முன்னால் வைத்தார். "அவன் இடத்துல இந்தப் பேர்தான் இருக்கு."

தலைவர் படித்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடி படித்தார். "இது உங்க பேர் ஆச்சே! அப்படின்னா முகாம்ல இருந்தது நீங்களா? பதிவேட்டுப்படி பார்த்தா படிப்பகத்துக்கு உங்க பேரைத்தானே வைக்கணும்?"

 அச்சுக்காரர் உதடுகளை நனைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அவர் கேட்க விரும்பிய வாக்கியம் அது. அது காதில் விழுந்த பிறகு அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கமாவுக்கு மிக நீளமாகத் தெரிந்தது. கண்டக்டர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தெரிந்து பிடித்தாரா என்பது சந்தேகம்.

"நான் யுத்தத்தைப் பார்த்ததே இல்லை," என்றார் அச்சுக்காரர். "எனக்கு வந்த உத்தரவை எடுத்துக்கிட்டு எங்க அண்ணன் போனான். மூணு வருஷம் என் பேரைச் சொல்லித்தான் அவனை எழுப்பினாங்க, எண்ணினாங்க, அடிச்சாங்க. நான் வீட்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டு அவன் மேல பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்தேன். என் பேரை அவன் சுமந்தது போதும். அவன் பேரை அவனுக்குக் குடுங்க."

யாரும் கை தட்டவில்லை. தலைவர் பேனாவை எடுத்துத் தீர்மானத்தின் கீழே ஒரு வரி சேர்த்து எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை கூடம் முழுக்க எழுந்து நின்றது.

அச்சுக்காரர் மேடையிலிருந்து இறங்கி, மனைவி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போன வருஷம் அழுத அதே அழுகை.  அவர் அடக்க முடியாமல் குனிந்து அவள் காதருகே கேட்டார்.

"இது எனக்காகவா, அவனுக்காகவா?"

"வாயை மூடிக்கிட்டு உட்காருங்க," என்றாள் அவள், நகர்ந்து இடம் விட்டு.